அடக்கி வைத்த இருமல்

பத்து மணிக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ கால். ஒன்பதுக்கே கிரேஸ் புருஷனைச் சவரம் செய்ய வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். பெண் பார்க்க வருகிற வீட்டில்கூட இத்தனை அமர்க்களம் இருக்காது.

பாக்கியநாதனுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு கரண்ட் வைத்து முடிந்த பிறகும் மூன்று மாதம் மூக்குக் குழாயில்தான் கஞ்சி. போன வாரம் அதை எடுத்தார்கள். இன்று காலில் பார்க்கும்போது விழுங்குவது சரியில்லை என்றால் மறுபடி மாட்டுவார்கள். "இன்னொரு வாட்டி மாட்டுனா செத்துப்பூடுவேன்" என்று அவன் சொன்னதிலிருந்து கிரேஸுக்குச் சோறு இறங்கவில்லை.

தண்ணீர் குடித்தால் அவனுக்கு இருமல் வந்தது. அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். அவன் வேலை பார்த்த தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஆடிட்டர் வருகிற நாளில், சத்தம் போடும் மெஷினை நிறுத்தி வைப்பார்களாம். அவன்தான் சொல்லிச் சிரித்திருக்கிறான். நாலு நாளாக வீட்டில் அதே ஒத்திகை. ஒரு ஸ்பூன் தண்ணீர், வாயை மூடு, இருமாதே. கண்ணில் நீர் முட்ட அவன் பழகினான்.

திரையில் விழுங்கும் பயிற்சி தரும் நந்தினி வந்தாள். "ஒரு ஸ்பூன் குடிங்கண்ணா."

குடித்தான். இருமல் இல்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. கிரேஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆன்னு சொல்லுங்க."

தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் குரல் களகளத்தது. நந்தினி சிரிக்கவில்லை. "வீட்லயும் இருமல் வர்றதில்லையாக்கா?"

"வர்றதே இல்ல மேடம்." கூசாமல் சொன்னாள்.

"அதான் பயமா இருக்கு. தண்ணி நுரையீரல் பக்கம் போற மாதிரி தெரியுது. இருமினா கொஞ்சமாவது வெளிய தள்ளும். இருமலே இல்லன்னா நிமோனியா வந்துடும். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, குழாய் போட வேண்டியிருக்கும்."

கிரேஸ் போனை முகத்தருகே இழுத்தாள். "ஐயோ, வருது மேடம்! நான்தான் அடக்கச் சொன்னேன். நாலு நாளா அடக்கிக்கினு கீறாரு!"

நந்தினி திரைக்கு அருகில் வந்தாள். "சரி, இன்னும் அரை ஸ்பூன் மட்டும். இந்த வாட்டி அடக்காதீங்கண்ணா."

குடித்தான். மூவரும் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"அடக்காத மாமா," என்றாள் கிரேஸ். "அதான் உண்மைய சொல்ட்டேனே."

"அடக்கல கிரேஸு," என்றான் அவன். "நேத்துலருந்தே நான் அடக்கல. அதுவா நின்னுபூச்சு. சரியாயிடுச்சின்னு நெனச்சேன்."

கிரேஸ் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இருமு மாமா. ஒரே ஒரு வாட்டி இருமு."