மேட்டு நிலம் குடித்த மழை

ஊரில் அவனை எல்லோரும் டாப்கியர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாடு, பேச்சு, கோபம் எல்லாவற்றிலும் அவனுக்கு ஒரே வேகம். தொழில் மட்டும் அதற்கு நேர்மாறு. டிராக்டரில் கலப்பையை மாட்டிக்கொண்டு, நத்தை மாதிரி ஊர்ந்து, அடுத்தவர் நிலத்தை உழுது கொடுப்பான். அவன் உழுத நிலம் சலித்த மாவு மாதிரி இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான்.

அப்படிப்பட்டவனிடம் போய் அவனுடைய சொந்த அக்காவே, "இனிமே என் நிலத்துல கலப்பை இறங்க வேண்டாம்டா தம்பி" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அக்காவின் நிலம் மேட்டுச் சரிவில் இருந்தது. சரிவின் அடியில் அவன் வீடு. பெரிய மழை பெய்தால் மேட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் இறங்கி, நேராகப் பின்வாசல் வழியாக அவன் சமையலறைக்குள் வந்துவிடும். ஒரு வருஷம் அரிசிப் பானையே மிதந்தது. "நிலம் வாங்கணும்னு நாம எங்கேயும் அலைய வேண்டாம். உங்க அக்கா நிலம் தானா நடந்து வீட்டுக்குள்ள வருது" என்று அவன் மனைவி வாளி வாளியாகச் சேற்றை அள்ளிக் கொட்டினாள்.

அந்த மழைக்குப் பிறகுதான் வேளாண் அலுவலர் வந்தார். நடுவயதுப் பெண், அதிர்ந்து பேசாதவர். அக்காவின் நிலத்தில் ஒரு குழி தோண்டச் சொல்லி, அதன் பக்கச் சுவரை ஒரு கத்தி முனையால் மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வந்தார். ஒரு சாண் வரைக்கும் கத்தி சுலபமாக இறங்கியது. அதற்குக் கீழே டக் டக்கென்று சத்தம் கேட்டது.

"கலப்பை போற ஆழத்துக்குக் கீழே மண்ணு அப்படியே இறுகிப்போயிருக்கு. வருஷக்கணக்கா ஒரே ஆழத்துல உழுதா இப்படி ஆகும். டிராக்டர் கனமும் சேர்ந்துக்கும். மேல மாவு, கீழ சிமெண்டுத் தரை. மழை பெஞ்சா தண்ணி எங்க போகும், சொல்லுங்க?"

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் டாப்கியர் காதில் விழுந்தது 'டிராக்டர்' என்ற ஒரே ஒரு சொல்தான்.

"அப்போ இத்தனை வருஷமா நான் உன் நிலத்தைக் கெடுத்துக்கிட்டு இருந்தேனா?" என்று அக்காவிடம் பாய்ந்தான்.

"யாருடா அப்படிச் சொன்னா?"

"அவங்க சொன்னாங்க. நீ தலையாட்டுனே."

"தலையாட்டுறதுக்கும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

அவ்வளவுதான். டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனவன், அதன்பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வழியில் எதிரே வந்தால்கூட, டிராக்டரின் பக்கக் கண்ணாடியில் ஏதோ தூசி என்பதுபோல் அதையே துடைத்துக்கொண்டு போவான். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. தம்பியின் டிராக்டர் சத்தம் கேட்டால் வேண்டுமென்றே முதுகைக் காட்டிக்கொண்டு களை பிடுங்குவாள்.

முதல் பருவம் அக்கா மண்ணைக் கவ்வினாள். உழவை நிறுத்தினாளே தவிர வேறொன்றும் செய்யவில்லை. வெறும் நிலம் வெயிலில் காய்ந்து தரை மாதிரி இறுகியது. மக்காச்சோளம் சீக்காளிக் கோழி மாதிரி மெலிந்து நின்றது. டீக்கடையில் சிரித்தார்கள். டாப்கியரும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அக்காவின் மகன் நகரத்திலிருந்து போன் பண்ணி, "போதும்மா, நிலத்தை யார்கிட்டயாவது விட்டுட்டு என்கூட வந்துடு" என்று கூப்பிடுகிறான் எனத் தெரிந்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கணவர் இறந்தபிறகு அக்காவுக்கு அந்த நிலம்தான் பேச்சுத்துணை. அவள் போய்விட்டால் மேட்டில் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது?

அலுவலர் மறுபடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "உழவை நிறுத்துனா மட்டும் போதாதும்மா. மண்ணுக்குள்ள வேர் ஓடணும், மண்ணுக்கு மேல போர்வை இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும்" என்றார்.

அறுவடை முடிந்த கையோடு அக்கா சணப்பையும் தட்டைப்பயறும் கலந்து விதைத்தாள். விற்பதற்கு இல்லை, சாப்பிடுவதற்கும் இல்லை. மண்ணை மூடுவதற்கென்றே ஒரு பயிர். அது இடுப்புயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூக்க ஆரம்பித்ததும், ஒரு பலகையின் இரு முனையிலும் கயிற்றைக் கட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு காலால் மிதித்து மிதித்து வரிசை வரிசையாகச் சாய்த்தாள். சாய்ந்து கிடந்த பயிரை விலக்கிக் குச்சியால் குத்தி, மக்காச்சோள விதையைப் போட்டாள். கீழேயிருந்து பார்த்தால், எண்ணெய் காணாத தலை மாதிரி நிலம் பரட்டையாகக் கிடந்தது.

"என்ன டாப்கியர், உங்க அக்கா பாம்புப் பண்ணை வைக்கப் போறாங்களா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். அவன் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

அக்கா நிலத்துக்குப் பக்கத்திலேயே அவனும் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அதைத் திரும்பத் திரும்ப உழுது, கட்டி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் பொடியாக்கி, அதே வாரத்தில் அவனும் மக்காச்சோளம் விதைத்தான். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவன் மனைவி பரணிலிருந்து பாத்திரம் எடுக்க ஏணியில் ஏறி, வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. மாடி இல்லாத வீடு. கூடத்தில் தாழ்வான கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தான்.

ஒருநாள் மத்தியானம் டிராக்டரின் ஹைட்ராலிக் குழாயை மாற்ற டவுன் பட்டறைக்குப் போயிருந்தான். குழாயை மாட்டி முடிக்கும்போது வானம் கருத்தது. பட்டறைத் தகரக் கூரையில் விழுந்த மழைச் சத்தத்தில் மெக்கானிக் கத்தியதுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டான், போகவில்லை. திரும்பவும் போட்டான், போகவில்லை.

"மழை விட்டதும் போயேன்யா" என்றார் மெக்கானிக்.

"வீட்டுல அவ தனியா படுத்திருக்கா. எழுந்திருக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே டிராக்டரில் ஏறினான்.

டாப்கியர் அன்றைக்குத்தான் டிராக்டரை உண்மையாகவே டாப்கியரில் ஓட்டினான். வழியெல்லாம் நிலங்கள் அழுது வடிந்தன. அவன் உழுது கொடுத்த நிலங்கள்தான். ஒவ்வொன்றிலிருந்தும் டீ நிறத்தில் தண்ணீர் வழிந்து ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சமதளத்திலேயே இந்தக் கதி என்றால் மேட்டுக்கு அடியில் என்ன நடக்கும்? தாழ்வான அந்தக் கட்டிலைப் போட்டவன் அவன்தான். அதன் காலுக்குக் கீழே நாலு செங்கல் வைக்கவாவது தோன்றியதா? கட்டிலோடு சேர்ந்து அவள் தண்ணீரில் கிடப்பதுபோல் ஒரு காட்சி கண்ணை விட்டுப் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது மழை தூறலாகியிருந்தது. டிராக்டர் நிறுத்தும் கொட்டகைக்குள் முழங்கால் அளவுச் சேறு. சேற்றில் விழுந்து எழுந்து வாசலுக்கு ஓடி, கதவைத் தள்ளினான்.

கூடம் காய்ந்து கிடந்தது. மனைவி தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அப்படியே உள்ள வந்துடாதீங்க. காலைக் கழுவிட்டு வாங்க. என்ன இது, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

அவன் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று அவனுக்கே புரியவில்லை. சமையலறையிலிருந்து ஒரு துண்டு பறந்து வந்து அவன் தலையில் விழுந்தது.

"தலையைத் துவட்டுடா. காய்ச்சல் கீய்ச்சல் வந்தா இவளையும் பார்த்து உன்னையும் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."

அக்கா! அவன் வீட்டு அடுப்படியில், அவன் வீட்டு டீத்தூள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முதல் இடி இடிச்சப்பவே அண்ணி ஓடி வந்துட்டாங்க" என்றாள் மனைவி. "என்னை நாற்காலியோட தூக்கிட்டுப் போக ஆளுங்களுக்கும் சொல்லி வச்சுட்டு, பின்வாசல்லயே நின்னாங்க. தண்ணி இப்ப வரும், அப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க. மழையே நின்னுடுச்சு, இவங்க மட்டும் நிக்கிறாங்க."

"வரவே இல்லையா?"

"சொட்டுக்கூட வரல. கொட்டகைப் பக்கம் வந்தது நம்ம குத்தகை நிலத்துத் தண்ணி."

கடைசி வரியை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அக்கா அடுப்பைத் துடைப்பதில் மும்முரமானாள். அவன் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நிலத்துல என்ன ஆச்சுன்னு பார்த்தியா அக்கா?" என்று கேட்டான்.

"பார்க்கல. பயமா இருக்கு. விதையெல்லாம் அழுகிப்போயிருந்தா நான் பையன்கூடப் போறதைத் தவிர வேற வழியில்ல. நீ வேணா முன்னாடி போய்ப் பாரு."

ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் முன்னே நடந்தான். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வரப்பைத் தாண்டி அவள் நிலத்தில் காலை வைத்தபோது வழுக்குமென்று நினைத்து உடம்பை இறுக்கினான். வழுக்கவில்லை. ஈரப் பாய்மேல் நடப்பது மாதிரி இருந்தது. தண்ணீர் எங்குமே தேங்கவில்லை. குனிந்து, கருத்துக் கிடந்த சணப்பைத் தண்டுகளை விலக்கினான். அதற்கடியில் பச்சைக் குருத்து ஒன்று சுருள் பிரிந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஒரு வரிசையே நின்றது.

"இருக்கு" என்றான்.

"என்னடா இருக்கு?"

"எல்லாம் இருக்கு அக்கா. வந்து பாரு."

அவன் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, கட்டியை மடித்துப் பார்த்தான். அது அவன் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே நூல் நூலாக வேர், ஒரு மண்புழு, ஊசி போக இடம்விட்ட மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள். இன்னும் ஆழமாக வெட்டினான். ஒரு சணப்பை வேர் அந்த இறுகிய படலத்தையே துளைத்துக்கொண்டு கீழே போயிருந்தது. நாலடி தள்ளி வெட்டியபோது மண்வெட்டி டங்கென்று நின்றது.

"முழுசாப் போகல. இங்க இன்னும் அப்படியே இருக்கு" என்றான், பொய் சொல்ல மனமில்லாமல்.

"ஒரே வருஷத்துல எல்லாம் போயிடுமா? இறுகினது எத்தனை வருஷம்!" என்றாள் அக்கா. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர். அதை ஈரக் கையாலேயே துடைத்து, நெற்றியெல்லாம் மண்ணாக்கிக்கொண்டாள்.

அவனுடைய நிலம் வேறு கதை. வரப்பில் நின்றே பார்த்தான். மாவு மாதிரி இருந்த மண் மழையடியில் குழைந்து, வழுவழுவென்று பூசிய சுவர் மாதிரி மூடிக்கொண்டிருந்தது. வெயில் வந்தால் அது ஓடாகக் காயும். உள்ளே இருக்கும் குருத்தால் முட்டிக்கொண்டு வெளியே வரமுடியாது.

"டிராக்டர்ல லேசா ஒரு ஓட்டு ஓட்டிடவா?" என்று கேட்டவன், கேட்கும்போதே தலையை ஆட்டினான். "வேண்டாம். இந்த ஈரத்துல அந்தக் கனம் இறங்குனா இன்னும் கெட்டுப்போயிடும்."

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அக்கா அவசரமாக.

"நீ சொல்லலன்னுதான் நானே சொல்றேன்."

வெயில் வந்து மேல் மண் வெடிப்பு விட ஆரம்பித்ததும், அக்கா பக்கத்து நிலத்துக்காரர்கள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். மண்ணைக் கிளறும் கைமுள்ளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, ஓடாகக் காய்ந்த அந்த மேல் மண்ணை வரிசை வரிசையாக மெதுவாகக் கீறிவிட்டார்கள். அடியில் குருத்துகள் வெளுத்து, முதுகு வளைந்து கிடந்தன. டாப்கியர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எந்த வேலையும் செய்ததில்லை. வாரக் கடைசியில் தண்ணீர் அரித்துக்கொண்டு போன ஓரத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. அதைப் பார்த்த அன்று அவன் மூன்று தட்டு சோறு சாப்பிட்டான்.

"அடுத்த தடவை என்னால பலகையை மிதிக்க முடியாதுடா. முட்டி போயிடுச்சு" என்றாள் அக்கா, மேட்டில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே. "உன் டிராக்டர் எதுக்கு இருக்கு?"

"அதான் உனக்கு டிராக்டரே ஆகாதே!"

"கலப்பைதான்டா ஆகாது. டிராக்டர் என்ன பாவம் பண்ணுச்சு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிகு பண்ணினான். பிறகு குச்சியால் மண்ணில் கோடு போட ஆரம்பித்தான். "ஒரு பெரிய இரும்பு உருளை வேணும். சுத்தியும் பட்டை வச்சு வெல்டிங் பண்ணிட்டா, பயிரை வெட்டாம தண்டை மட்டும் நசுக்கிச் சாய்ச்சுடும். மண்ணு காய்ஞ்சப்பதான் இறங்கணும். சக்கரம் எப்பவும் ஒரே தடத்துல போகணும், கண்ட இடத்துல ஏறக்கூடாது. முதல்ல உன் நிலத்துல பார்ப்போம். அப்புறம் என் நிலத்துக்கும் சணப்பை விதை வேணும்…"

அவன் பேசிக்கொண்டே போனான். அக்காவின் போன் அடித்தது. மகன்தான்.

"வரலடா கண்ணு" என்றாள் அவள் எடுத்த எடுப்பிலேயே. "உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன். உங்க மாமா இங்க பக்கத்துல உட்கார்ந்து மூச்சுவிடாம பேசிக்கிட்டு இருக்கான். ஒண்ணும் காதுல விழல, அப்புறம் பேசுறேன்."