முள்ளிப்பட்டுக்குப் போகாத சனிக்கிழமை

பிளஸ் டூ படிப்பு புதிதாக வந்து, அதன் முதல் பரீட்சை நடந்த வருஷம் 1980. ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்குப் பிரிவில் மொத்தமே ஆறு பேர்தான் இருந்தார்கள். நவம்பரில் கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. புதுப் பாடத்துக்கு நோட்ஸ் கேட்டால் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். இருக்கிற புத்தகத்தை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார்.

அந்த ஆறு பேரில் முதல் மார்க் வாங்குகிறவள் ஜெபராணி. அவளுடைய அப்பா பவுல்துரை தொடக்கப் பள்ளி வாத்தியார். வேலூரில் பி.யூ.சி. முடித்த அண்ணன் மகனிடமிருந்து ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை அவர் வாங்கிவந்து கொடுத்தார். அதையும் பாடப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபராணி ஜனவரி முழுக்க நோட்ஸ் எழுதினாள். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதினால் ஒரு தடவைக்கு மூன்று பிரதி வரும். அப்படி இரண்டு தடவை எழுதினாள். நடுவிரலில் காய்ப்புக் காய்த்துவிட்டது. சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தன் மகள் ஒரு புத்தகமே எழுதியிருப்பதாகப் பவுல்துரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடியில் இருந்த மங்கலான பிரதியை ஜெபராணி அம்மணிக்குக் கொடுத்தாள். வேறு யாருக்குக் கொடுத்தாலும் முகம் சுளிப்பார்கள், அம்மணி வாங்கிக்கொள்வாள். எழுத்து தெரியாத இடங்களில் பேனாவால் மேலே எழுதி எழுதி, முதல் பிரதியைவிட அதைத் தெளிவாக ஆக்கிக்கொண்டாள் அம்மணி.

அவள் முள்ளிப்பட்டு காலனியிலிருந்து வருகிறவள். அப்பா பொன்னுசாமி கழனி வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மணி ஒரு தறிக்காரர் வீட்டுக்காக ராட்டையில் பட்டு நூல் சுற்றுவாள். பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, ஒரு தடவை எழுதட்டும், ஆனால் அந்த ஒரு தடவைதான் என்று பொன்னுசாமி சொல்லியிருந்தார்.

கணக்குப் பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் ஜெபராணி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாள். புத்தகத்தின் பின்னால் இருந்த விடையோடு அது சேரவில்லை. இரண்டு முறை போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. டேன் எக்ஸைத் தொகையிடும் சூத்திரத்தில் ஒரு கழித்தல் குறியை அவள் விட்டிருந்தாள். அந்த ஒரு குறி இல்லாவிட்டால் பத்து மார்க் கணக்கு முதல் வரியிலேயே தடம் மாறிவிடும்.

அன்று மத்தியானமே ஊருக்குள் இருந்த நான்கு பேர் வீட்டுக்கும் நடந்துபோய்த் திருத்திக் கொடுத்தாள். முள்ளிப்பட்டு பாக்கி இருந்தது. சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தாள். சனிக்கிழமை காலையில் ஒரு பாடம் முடியாமல் இருந்தது. அப்பாவிடம் சொன்னால் உடனே சைக்கிளை எடுத்துவிடுவார். ஆனால் என்ன தப்பு என்று கேட்பார். அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச். அந்தக் கணக்கு வராமலும் போகலாம். எதற்கும் பரீட்சை அன்று வாசலிலேயே சொல்லிவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முள்ளிப்பட்டு பஸ் தாமதமாக வந்தது. மணி அடித்த பிறகுதான் அம்மணி கேட்டுக்குள் ஓடிவந்தாள். வராந்தாவிலிருந்து ஜெபராணி கையைத் தூக்கினாள். அம்மணி சிரித்துக்கொண்டே தன் ஹாலுக்குள் போய்விட்டாள்.

அந்தக் கணக்கு வந்திருந்தது. வெளியே வந்ததும் அம்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் உன் நோட்ஸில் இருந்துதான் வந்தது என்றாள்.

ரிசல்ட் வந்த பேப்பரில் ஐந்து பேர் நம்பர் இருந்தது. அம்மணி நம்பர் இல்லை. மற்ற பாடங்களில் எல்லாம் பாஸ். கணக்கில் இருநூறுக்கு அறுபத்து நான்கு. எழுபது எடுத்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து ஜெபராணி முள்ளிப்பட்டுக்குப் போனாள். அம்மணி கூரைக்குக் கீழே உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து பாய் எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள், மறுபடி ராட்டைக்குப் போய்விட்டாள்.

"அந்த டேன் எக்ஸ் கணக்கு தப்பு அம்மணி. நான்தான் மைனஸ உட்டுட்டேன்" என்றாள் ஜெபராணி.

"தெரியும். வூட்ல போட்டுப் பாக்கசொல்லவே எனுக்கு மைனஸ் வந்துச்சி. ரெண்டு வாட்டி வந்துச்சி. நீ தப்பா எழுத மாட்ட, நான்தான் எங்கியோ தப்பா போடறேன்னு நெனச்சிகினேன்."

ஜெபராணி அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

"பரீட்சைக்கு மூணு நாள் முன்னாடியே எனுக்குத் தெரிஞ்சிப்போச்சி. மத்தவங்களுக்குச் சொல்லிட்டேன். உனுக்கு மட்டும் சொல்லல."

ராட்டை நின்றது.

"நாலு பேருக்குமா?"

"ஆமா."

"பஸ்ல வந்தா இருவது நிமிசம்தான்" என்றாள் அம்மணி. கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவர்களுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

செப்டம்பரில் மறுபடி எழுதலாம், வாரா வாரம் நானே வந்து சொல்லித்தருகிறேன் என்று ஜெபராணி கெஞ்சினாள். அம்மணி தலையை ஆட்டினாள். "வேணாம் ஜெபா. நீ எதுருல குந்திகினு இருந்தா எனுக்கு ஏறாது." அறுந்த நூலை முடிந்துவிட்டு மறுபடி சுற்றத் தொடங்கினாள். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டதையும், மாப்பிள்ளை சேத்துப்பட்டில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர் என்பதையும் அம்மணியின் அம்மாதான் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஜெபராணிக்குப் பத்திரிகை வரவில்லை.

அவள் வேலூரில் பி.எஸ்ஸி. படித்து, பி.எட். முடித்து, தெள்ளார் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சரானாள். 1987இல் ஒரு நாள் ஊருக்கு வரும் வழியில் சேத்துப்பட்டு பஸ் ஸ்டாண்டில் அம்மணியைப் பார்த்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. தரையில் விரித்த சாக்கில் வேர்க்கடலை. ஜெபராணி பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் எதிரில் நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல், தான் டீச்சராகிவிட்டதைச் சொன்னாள்.

"அப்டிங்களா. சந்தோசங்க" என்றாள் அம்மணி.

ஏழு வருஷத்துக்கு முன் நீ, வா, போ என்று பேசினவள். ஜெபராணி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குள் யாரோ கடலை கேட்டு வந்தார்கள். அம்மணி படியில் அள்ளிக் காகிதத்தில் கொட்டியபடி, நிமிராமலே சொன்னாள்:

"உங்க பஸ்ஸு கெளம்புதுங்க. போங்க."