பதினொன்று பத்து

சோதனை என்றால் பாஸ் பண்ண வேண்டும். வாழ்நாள் முழுவதும் நான் உறுதியாக நம்பியது அது ஒன்றைத்தான். யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கு ரியூசன் கொடுத்தவள் நான். சிவமலர் ரீச்சரிடம் விட்டால் பிள்ளை பாஸ் என்று ஊரே சொல்லும். மொன்றியலுக்கு வந்து இருபத்தாறு வருடம் தையல் மெசினுக்கு முன்னால் குந்தியிருந்தும் அந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை. அது செய்த வேலையைத்தான் சொல்கிறேன். யாரும் இடையில் புகுந்து ஆறுதல் சொல்ல வேண்டாம். அப்படி வந்த இரண்டு பேரை ஏற்கெனவே வாசலோடு அனுப்பிவிட்டேன்.

என் மனிசனின் பெயர் ஆனந்தராசா. வயது எழுபத்தாறு. மொன்றியல் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கொள்கலன் லொறி ஓட்டியவர். பென்சன் எடுத்த கையோடு படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள ஒரு ட்ரெயிலர் வாங்கிக்கொண்டு வந்து பிக்கப்புக்குப் பின்னால் கொளுவினார்.

“இனி இந்தப் பனிக்கு நான் முகம் குடுக்க மாட்டன். ஃபுளோரிடாவுக்குப் போவம்” என்றார்.

“வீடு வாசல் இருக்கத் தகரப் பெட்டிக்குள்ள போய்ப் படுக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?” என்று நான் கத்தினேன்.

கத்தினேனே தவிர, போனேன். ஒன்பது குளிர்காலம் போனேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் நாங்கள் புருசன் பெண்சாதியாக வாழ்ந்தோம். அதற்கு முன்னர் அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டில்தான் கதைத்துக்கொள்வோம். ஃபுளோரிடாவில் காலையில் அவர் பால் விடாத பிளேன்ரீ ஊற்றித் தருவார். நான் சாடியில் வைத்த கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடுவேன். பக்கத்து ட்ரெயிலர் கியூபெக்காரி றோசலின் என் மீன் பொரியல் மணத்துக்கு மூக்கை நீட்டிக்கொண்டு வருவாள். பின்னேரம் இரண்டு பேரும் கதிரையைப் போட்டுக்கொண்டு ஒன்றுமே கதைக்காமல் இருப்போம். எனக்கு அது போதும் என்று இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு காலை, பிளேன்ரீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “இது ஆருடைய வீடு?” என்று கேட்டார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு மொன்றியலில், ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி வாங்கக் காரில் போனவர் பஸ்சில் திரும்பி வந்தார். கார் எங்கே என்று கேட்டால், “என்ன கார்?” என்கிறார். நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. எங்களுக்கு ஒரே மகள், தாட்சாயினி. லவாலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ஞாயிறு தவறாமல் ஃபோன் எடுப்பாள். அவள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு நான் முன்கூட்டியே ஒரு கொப்பியில் பதில் எழுதி அவர் முன்னால் வைத்துவிடுவேன். அவர் வாசிப்பார். நேரில் வந்தால், அப்பா படுத்துவிட்டார் என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை.

வண்டி ஓட்டம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ட்ரெயிலரை ரிவேர்ஸ் எடுத்து ஒடுங்கிய இடத்துக்குள் விடுவதைப் பார்த்து ஃபுளோரிடாவில் இளம் ஆட்களே வாயைப் பிளப்பார்கள். கை பழகியது. நான் பக்கத்தில் இருந்து வலம் இடம் சொன்னால் போதும். எனக்கு ஓட்டத் தெரியாது. அவர் ஓட்டினால்தான் எங்களுக்கு ஃபுளோரிடா.

அப்போதுதான் கடிதம் வந்தது. வயது போனவர்களின் லைசன்ஸ் தொடர வேண்டுமானால் டொக்டரின் அறிக்கை வேண்டுமாம். கோயிலில் எனக்குத் தெரிந்த பிள்ளை அனோஜினி, தன் தகப்பனை அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னாள். “அன்ரி, மணிக்கூடு கீறச் சொல்லுவினம். பதினொன்று பத்துக்கு முள்ளு வைக்கச் சொல்லுவினம். அப்பா அதிலதான் கோட்டை விட்டவர்” என்றாள்.

எனக்கு அவ்வளவும் போதும். கேள்வித்தாள் கையில் கிடைத்துவிட்டதே!

வேறு சனமாக இருந்தால், மனிசனுக்கு என்ன நோய் என்று பார்க்கத்தான் அந்தப் பரிசோதனை என்று விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. சோதனை, பாஸ், லைசன்ஸ். அவ்வளவுதான் என் மண்டைக்குள் ஓடியது.

இரண்டு மாதம் குசினி மேசையில் வைத்துப் பழக்கினேன். முதலில் வட்டம். பிறகு பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது. அதன் பிறகு இடையில் உள்ள இலக்கங்கள். சின்ன முள் பதினொன்றில், பெரிய முள் இரண்டில். அனோஜினி சொன்ன மற்றச் சின்னக் கேள்விகளையும் பாடமாக்க வைத்தேன். பிழை விட்டால் அடிமட்டத்தால் மேசையில் ஓங்கி அடிப்பேன். ஒருநாள் பென்சிலைப் போட்டுவிட்டு அழுதார். கல்யாணம் கட்டி நாற்பத்தைந்து வருடத்தில் அவர் அழுது நான் கண்டதில்லை.

“மலர், எனக்கு ஏலாது. தலைக்குள்ள ஒண்டும் நிக்குதில்லை.”

“ஏலும். சும்மா சாட்டுச் சொல்லாதேங்கோ. திரும்பக் கீறுங்கோ.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி ரீச்சர்” என்றார். அன்றைக்கு அதைப் பகிடியாகத்தான் சொன்னார்.

நவம்பரில் பாஸ் பண்ணினார். முழுப் புள்ளி. “இந்த வயதில் இவ்வளவு தெளிவாக யாரும் கீறுவதில்லை” என்று டொக்டர் மெச்சினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அன்று பின்னேரம் மட்டன் ரோல்ஸ் செய்து கொண்டாடினோம்.

அறிக்கை, கடிதம் என்று இழுபட்டதால் இம்முறை ஜனவரியில்தான் வெளிக்கிட்டோம். இரண்டாம் நாள் மத்தியானம் வேர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் பெற்றோல் அடிக்க லொறிகள் நிற்கும் பெரிய கடை ஒன்றில் நிறுத்தினோம்.

“இஞ்சருங்கோ, நான் ஒருக்கா பாத்ரூம் போட்டு வாறன். அசையாமல் இருங்கோ” என்றேன்.

“ஓம், போட்டு வாரும்” என்றார்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வந்து பார்த்தால் பிக்கப்பும் இல்லை, ட்ரெயிலரும் இல்லை. என் கைப்பை, ஃபோன், பாஸ்போர்ட், குளிர்க்கோட்டு எல்லாம் வண்டிக்குள். ஈரக் கையோடு அந்த வெளியில் நின்றேன். பக்கத்தில் எங்கேயாவது சுற்றிக்கொண்டு வருவார் என்று ஒரு மணித்தியாலம் நின்றேன். கடைக்காரப் பெண் என்னைக் கண்டு பரிதாபப்பட்டுப் பொலிசைக் கூப்பிட்டாள்.

வந்த பொலிஸ்காரன் மரியாதையான பெடியன். முதல் கேள்வியே, “அவருக்கு மறதி, ஞாபகக் குறைவு ஏதாவது இருக்கிறதா அம்மா?” என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தேடும்படி எல்லா இடத்துக்கும் அறிவித்திருப்பார்கள். கியூபெக் இலக்கத்தகடு, பின்னால் வெள்ளை ட்ரெயிலர். யார் கண்ணுக்கும் தப்பாது. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சொன்னால் லைசன்ஸ் போய்விடும். மகளுக்குத் தெரியும். அவரை ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவார்கள். எங்கள் கதிரை இரண்டும், கறிவேப்பிலைச் சாடியும், பின்னேரங்களும் முடிந்தது. இரண்டு மாதம் பாடுபட்டு எடுத்த பாஸ் வீணாகிவிடும்.

“இல்லை. நல்ல தெளிவான ஆள். நாங்கள் சண்டை பிடித்தோம். கோபத்தில் போய்விட்டார், வந்துவிடுவார்” என்றேன்.

“எந்தப் பக்கம் போயிருப்பார்?”

“தெற்கே. ஃபுளோரிடாவுக்கு.”

புருசன் பெண்சாதிச் சண்டை என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். பொழுதுபட்டும் அவர் வராததால் கடைக்காரப் பெண்ணின் ஃபோனில் மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன்.

“அப்பா உங்களை நடுத்தெருவில விட்டிட்டுப் போறவரே? அப்பிடி என்னம்மா சொன்னனீங்கள்?” என்று என்மேல் பாய்ந்தாள். வாங்கிக்கட்டிக்கொண்டேன். மருமகன் நிஷான் என்னை ஏற்ற மொன்றியலில் இருந்து உடனே வெளிக்கிட்டான். நான் பொய்யை மாற்றவில்லை. அவன் வந்து சேர்ந்த விடிகாலையிலும் மாற்றவில்லை.

அவர் தெற்கே போகவில்லை. கடை வளவை விட்டு வெளியே வந்ததும் வடக்கே திரும்பியிருக்கிறார். வழியில் ஒருமுறை பெற்றோல் அடித்த பில் துண்டு வண்டிக்குள் இருந்தது. பதினாறு மணித்தியாலம் ஓட்டி, எல்லையையும் கடந்திருக்கிறார். தனியாகவா வருகிறீர்கள் என்று எல்லையில் கேட்டதற்கு, ஓம், தனியத்தான், வேலைக்குப் போகிறேன் என்று நல்ல பிரெஞ்சில் சொன்னாராம். நேரே துறைமுகத்துக்குத்தான் போனார். அவர் வேலை செய்த காலத்து வாசல் ஒன்று இருக்கிறது, இப்போது பாவனையில் இல்லை. அந்தப் பூட்டிய இரும்புக் கேற்றைப் பிடித்துக்கொண்டு, திறப்பார்கள் என்று நின்றிருக்கிறார். குளிர் சைபருக்குக் கீழே இருபத்துநான்கு பாகை. மேலில் ஃபுளோரிடாவுக்கென்று நான் போட்டுவிட்ட மெல்லிய சேர்ட். காலையில் வேலைக்கு வந்த லொறிக்காரன் ஒருவன்தான் கண்டு அம்புலன்சைக் கூப்பிட்டான்.

உயிர் தப்பிவிட்டது. வலது கையில் நான்கு விரல்களை எடுத்தார்கள். பெருவிரல் மட்டும் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் அவர் யாரையும் அடையாளம் காணவில்லை. டொக்டர்களுக்கு ஒரே குழப்பம். நவம்பரில் முழுப் புள்ளி எடுத்த மனிதன் ஜனவரியில் எப்படி இப்படி ஆனான்? மூளையில் கிருமியோ, கட்டியோ என்று தேடினார்கள். முதுகில் ஊசி ஏற்றித் தண்ணீர் எடுத்தார்கள். அவர் வலியில் கத்தினது வெளியில் வாங்கிலே குந்தியிருந்த எனக்குக் கேட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நானும் ஒரு மனிசியா?

மூன்றாம் வாரம் ஒரு இளம் டொக்டர் கடதாசியும் பென்சிலும் கொண்டுவந்தாள். கட்டிலின் ஒரு பக்கத்தில் தாட்சாயினி, மறுபக்கத்தில் நான்.

“ஒரு மணிக்கூடு வரையுங்கள். நேரம் நான்கு மணிக்கு இருபது நிமிடம் இருக்கிறது” என்றாள் டொக்டர்.

அவர் இடது கையில் பென்சிலை வாங்கினார். வட்டம் கோணலாக வந்தது. பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது. பிறகு மற்ற இலக்கங்கள். சின்ன முள் பதினொன்றில், பெரிய முள் இரண்டில்.

“நான்கு மணிக்கு இன்னும் இருபது நிமிடம்” என்று டொக்டர் இன்னொரு தாள் கொடுத்து ஆறுதலாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். மறுபடியும் பதினொன்று பத்து. மூன்றாவது தாளிலும் அதுதான். கீறி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். விடைத்தாளை நீட்டிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் பார்வை.

தாட்சாயினியும் படிப்பிக்கிறவள்தானே. மூன்று தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

“அம்மா, இது பாடமாக்கின விடை. ஆர் பழக்கினது?”

“நான்தான்” என்றேன். “நவம்பருக்கு முதலே. இரண்டு வருசமா உப்பிடித்தான். சண்டையும் இல்லை, ஒண்டும் இல்லை. எல்லாம் நான் சொன்ன பொய்.”

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாள்களை டொக்டரிடம் கொடுத்து, நான் சொன்னதைப் பிரெஞ்சில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு பேரும் வெளியே போனார்கள். என் பக்கம் அவள் திரும்பவில்லை.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னையே பார்த்தார்.

“ரீச்சர், பாஸோ?”

“ஓம். பாஸ்.”

“அப்ப வண்டித் திறப்பைத் தாங்கோ ரீச்சர், நான் கெதியாப் போக வேணும். மனிசியை ஒரு கடையடியில விட்டிட்டு வந்திட்டன். கோட்டும் போடாமல் நிக்கிறா. அவவுக்குக் குளிர் தாங்காது.”