பதியாத நாற்பத்திரண்டு படங்கள்

பிணவறையில் படம் எடுப்பவர் என்று தெரிந்தால் கை கொடுக்கவே யோசிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "நம்ம ஆளுங்க அசையவே மாட்டாங்க. போட்டோ நல்லா இல்லன்னு சண்டைக்கும் வர மாட்டாங்க." காவல்துறைக்காகப் பதினெட்டு வருடம் இதே பிழைப்பு.

அன்று மேசையில் கிடந்தவள் கல்யாணமாகி ஏழே மாதம் ஆனவள். படியில் உருண்டுவிட்டாள் என்றது கணவன் வீடு. கழுத்தின் ஒரு பக்கம் நான்கு நீலத் தடம், மறுபக்கம் ஒன்று. படிக்கட்டுக்கு ஏது விரல்? பக்கத்தில் அளவுகோலை வைத்து நாற்பத்திரண்டு படம் எடுத்தார். கேமராவின் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. படம்தான் இருக்கிறதே என்று மருத்துவர் 'கழுத்தில் சிராய்ப்பு' என ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் உடலை எரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். நாற்பத்திரண்டும் வெறும் சாம்பல் கட்டங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடினார்.

"படம் பதியறதுக்குள்ள கார்ட உருவியிருப்பீங்க சார்," என்றான் சர்வீஸ் சென்டர்க்காரன்.

"எப்ப உருவணும்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

விசாரித்ததில், அதே கேமரா வைத்திருந்த ஒரு கல்யாணப் போட்டோகிராபர் போனில் பேசினாள். "எனக்கும் இதே கதைதான் அண்ணே. ஒரு கல்யாணத்துப் படம் மொத்தமும் போச்சு. போன மாசம் கம்பெனிக்காரன் சத்தமில்லாம புது சாஃப்ட்வேர் விட்டிருக்கான். எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. இத சரிபண்ணத்தான், வேற எதுக்கு?"

கோளாறு தங்களுடையது என்று ஒரு கடிதம் தரும்படி அவர் கம்பெனிக்கு எழுதினார். பதிலுக்கு அதிகாரி ஒருவர் புதுக் கேமராவோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கையெழுத்துப் போட்டா இது உங்களுது. வெளிய யார்கிட்டயும் பேசக் கூடாது, அவ்வளவுதான்."

"கேமரா வேணாம் சார். பழைய கேமரா பழுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒரு பொண்ணு செத்திருக்கா."

"அதுக்கும் எங்களுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

உள்ளேயிருந்து மனைவி கண்ஜாடை காட்டினாள், வாங்கிக்கொள்ளச் சொல்லி. அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

கம்பெனி கடைசியில் கடிதம் எழுதத்தான் செய்தது, நீதிமன்றத்துக்கு: 'பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.' கணவனின் வக்கீலுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"கார்டையே ஒழுங்கா பாத்துக்கத் தெரியாதவரு, கழுத்த மட்டும் ஒழுங்கா பாத்தாராம்!"

சாட்சிக் கூண்டில் அவர் நிற்கும்போதே பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதிய சாட்சியம் இல்லை என்று கணவன் விடுதலையானான். காவல்துறையும் அவரை அழைப்பதை நிறுத்திக்கொண்டது.

நான்கு மாதம் கழித்து, 'சில அரிய நேரங்களில் படங்கள் பதியாமல் போகலாம்' என்று அறிவித்து, கம்பெனி அந்தக் கேமராக்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு செத்தவளின் அம்மாவைத் தேடிப் போனார் அவர். வாசலிலேயே நின்று அந்த அம்மாள் இரண்டு முறை படித்தாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா வாய் வலிச்சிருக்குமா இவங்களுக்கு?"

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அப்பீல் போகலாம்னு எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் சொல்றாரும்மா. ஆனா வருஷக்கணக்கா இழுக்குமாம்."

"இழுக்கட்டும். மறுபடி கூண்டுல ஏறுவீங்களா? சிரிப்பாங்களே."

"ஏறுறேம்மா."

அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். இருவரும் அந்த வக்கீல் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.