குடும்பத் தலைவர் என்ற கட்டம்

மீள்குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் எரிச்சல்தான் ஏறியது. அகதிகளாக வந்து இந்த அடுக்குமாடியில் குடியமர்த்தப்பட்ட அறுபத்து நாலு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அவர் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய்க் குறைகளைச் சொல்லலாமாம். போட்டியிடவும் ஓட்டுப் போடவும் குடும்பத் தலைவர்களுக்கு மட்டுமே உரிமை.

இந்த வீட்டுக்குத் தலைவர் அவளுடைய கணவர், மாட்டு டாக்டர். பதிவுப் படிவத்தில் அவள் பெயருக்கு நேரே ‘சார்ந்திருப்பவர்’ என்று இருந்தது.

சொந்த நாட்டில் பதினோரு வருஷம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவள் அவள். அந்தச் சபையில் இருநூறு பேருக்கு ஒன்பது பெண்கள். ஆட்சி கவிழ்ந்ததும் உயிர் தப்பினால் போதும் என்று எல்லை தாண்டினார்கள். முகாமில் பெயர் பதிந்த அன்று, வாந்தியெடுத்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நின்றாள். கணவர் முன்னால் நின்றார். எழுத்தர் முன்னால் நின்ற ஆளைப் பார்த்துத் தலைவர் கட்டத்தை நிரப்பிவிட்டார்.

“விடேன், ஒரு கட்டத்துல என்ன இருக்கு?” என்றார் கணவர்.

“ஒண்ணும் இல்லைன்னா நீங்க கொஞ்ச நாள் சார்ந்திருங்களேன்.”

மறுநாளே அவள் படிவத்தின் நகலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மீள்குடியேற்ற அலுவலகத்தின் கவுண்ட்டரில் இருந்த பெண் தங்கமானவள். அவளிடம் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் இன்னும் கடுப்பு.

“கம்ப்யூட்டர் ஒருத்தரைத்தாங்க தலைவரா எடுத்துக்கும்.”

“ரெண்டு பேரைப் போட்டா?”

“பிழைன்னு காட்டும்.”

“சரி, முன்னாடி பார்த்த வேலைன்னு இருக்கே, அதுல இல்லத்தரசின்னு போட்டிருக்கீங்க. நான் எம்.பி.யா இருந்தேன்.”

அந்தப் பெண் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். “எம்.பி. இல்லீங்க. கிட்டத்துல வர்றதுன்னா மேடைப் பேச்சாளர் இருக்கு. ஆனா அது கேளிக்கைத் துறையில வருது.”

“எங்க சபையைப் பார்த்திருந்தா அதுவே சரின்னுதான் சொல்வீங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மூன்றாவது தடவை போனபோதுதான் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னாள். கணவர் கையெழுத்துப் போட்டால் தலைவரை மாற்றலாம். அவரும் முனகிக்கொண்டே போட்டார். மறு வாரமே, சார்ந்திருப்பவர்களுக்கான தையல் வகுப்புக்கு வரச்சொல்லி அவருக்கு அழைப்பு வந்தது. மனுஷன் போகவும் போனார். மாட்டு வயிற்றைத் தைத்த கைக்குச் சட்டைப் பித்தான் தைக்க வரவில்லை.

அவள் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். பெண்கள், “எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க,” என்றார்கள். வீட்டுக்காரர்கள், “படிச்சவங்க நிக்கிறது நல்லதுதாங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். பத்தொன்பது ஓட்டு விழுந்தது. ஜெயித்தது மூன்றாம் மாடி டாக்ஸி டிரைவர். சொந்த வண்டி இருக்கிறது, போய்வர வசதி என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து டிரைவரே கதவைத் தட்டினார்.

“அக்கா, ஒரு சிக்கல். கூட ஒரு பெண்ணாவது வரணும்னு நாடாளுமன்றத்துலேருந்து சொல்றாங்க. நீங்க சும்மா பக்கத்துல உட்கார்ந்தா போதும்.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். “உட்கார்ந்தா பேசுவேன். சம்மதமா?”

“தாராளமா பேசுங்கக்கா. அங்க போய் என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல.”

அந்த ஒரு பதிலில்தான் அவர்மேல் இருந்த ஆத்திரம் கொஞ்சம் இறங்கியது.

குழுவில் பன்னிரண்டு பேர், அதில் இரண்டே பெண்கள். “புது நாட்டுல கால் வெச்சப்போ உங்க மனசு எப்படி இருந்துச்சு?” என்று குழுத் தலைவர் கனிவாகக் கேட்டார்.

“மனசு இருக்கட்டுங்க. உங்க படிவத்துல ஒரு கட்டம் இருக்கு, அதைச் சொல்ல வந்தேன்,” என்றாள். அந்தக் கட்டத்தால் அறுபத்து நாலு குடும்பங்களில் ஓட்டுப் போட முடிந்த பெண்கள் ஆறே பேர், அவளும் ஐந்து விதவைகளும் என்று புள்ளி பிசகாமல் சொன்னாள். முடித்ததும் தலைவர், “நெகிழ்ச்சியான உரை,” என்று நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நெகிழ்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

வெளியே நடையில் பெண் உறுப்பினர்களில் ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். “அந்தக் கட்டத்தை எடுங்கன்னு நானும் ஆறு வருஷமா கத்தறேன். ஆதாரம் எங்கேன்னு கேட்டே தள்ளிடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதித் தருவீங்களா?”

“இன்னிக்கே புதன்.”

“ஆமா,” என்ற அந்த அம்மாள் முகத்திலும் சலிப்பு அப்பிக் கிடந்தது.

நோட்டோடு மறுபடி படியேறினாள். இந்தத் தடவை ஓட்டுக் கேட்கவில்லை. கட்டத்தால் என்ன கஷ்டம் என்று மட்டும் கேட்டாள். முன்பு வீட்டுக்காரரைக் கேட்கச் சொன்ன பெண்களில் ஒருத்தி, “பிள்ளைக்கு ஆபரேஷன்னு போனா, உன் கையெழுத்து செல்லாதுன்னுட்டாங்க. அவர் வேலையிலேருந்து வர்ற வரைக்கும் பிள்ளை துடிச்சுது,” என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்தொரு பேர் சொன்னதை எழுதிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த உறுப்பினர் போன் செய்தார்.

“அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிட்டாங்க. ஒரு கட்டடத்தை மட்டும் வெச்சு முடிவெடுக்க முடியாதாம்.”

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் கேட்டாள். “எதிர்க் கட்டடத்துல நம்மள மாதிரி எத்தனை குடும்பம்?”

“ஒரு நூறு இருக்கும். சாப்பிட்டுட்டுப் போயேன்.”

“நீங்க சாப்பிடுங்க,” என்று செருப்பை மாட்டினாள்.