மச்சக்காரி

இடது காலில் சாக்ஸ் ஏறவே மாட்டேன் என்றது. கட்டுப் போட்ட பாதம் தலையணை மாதிரி உப்பியிருந்தது. செத்துப்போன அண்ணனின் காலை மடியில் வைத்துக்கொண்டு, வலிக்குமோ என்று பயந்து பயந்து இழுத்தாள் தங்கை. வலிக்கிற கட்டமெல்லாம் விடிகாலையிலேயே முடிந்துவிட்டது. அவள் கைக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

"சாக்ஸ் எதுக்கு இப்போ? அவனுக்குக் குளிரவா போகுது?" என்றாள் அத்தை.

"இருக்கட்டும் அத்தை. வர்றவங்க பாக்க வேண்டாம்."

சொன்னது பாதிதான் உண்மை. பார்க்கப் பயந்தவள் அவள்தான். வீட்டுக்குள் எல்லாரும் வெறுங்காலோடு நடக்க, அவள் மட்டும் தன் சாக்ஸைக் கழற்றவில்லை.

அண்ணன் லாரி டிரைவர். இடது உள்ளங்காலில் சிறுவயது முதலே ஒரு மச்சம். காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவான் என்பார்கள், சுற்றினான். ஒரு தடவை லாரி குப்புறக் கவிழ்ந்தது, உடைந்த கண்ணாடி வழியாக ஊர்ந்து வெளியே வந்து, "டீ கிடைக்குமா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் மச்சக்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும்தான் மிச்சம்.

அந்த மச்சம் ஓரம் கலைந்து, மை கொட்டினாற்போலப் பரவியபோதும் அவன் அசரவில்லை. சர்க்கரை மாத்திரைக்குப் போன இடத்தில் குடும்ப டாக்டரம்மா காலைப் பார்த்துவிட்டு, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டிச் சோதிக்கச் சொன்னார். "அதிர்ஷ்டத்தைப் போய் யாராவது வெட்டுவாங்களா டாக்டர்?" என்று சிரித்துவிட்டு லோடு ஏற்றக் கிளம்பிவிட்டான். திரும்பி வந்தபோது அது புண்ணாகியிருந்தது. பிறகு தொடையிடுக்கில் கட்டி, பிறகு நுரையீரல். மச்சமாம் மச்சம். முதன்முதலில் அந்தப் பேச்சைக் கிளப்பியவன் எவனோ, அவன் வாயில் வசம்பை வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

தங்கைக்கும் ஒன்று உண்டு, வலது உள்ளங்காலில். சின்ன வயதில் எதிரெதிரே உட்கார்ந்து பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்து, யாருடைய மச்சம் பெரிசு என்று சண்டை போட்டவர்கள். எப்போதும் அண்ணன்தான் ஜெயிப்பான்.

அவள் தையல்காரி. நாள் முழுக்கப் பெடல் மிதிக்கிற கால், கன்றிப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே சாக்ஸையும் மாட்டிக்கொண்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

நேற்று சாயங்காலம் அண்ணனுக்கு நினைவு தெளிந்தது.

"உன் காலைக் காட்டு."

"இப்ப எதுக்கு? நீ தூங்கு."

"காட்டு."

அவள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். "என்னுது அப்படியேதான் இருக்கு. உன்னுதுதான் பெருசு. நீதான் ஜெயிச்சே."

அவன் சிரிக்கவில்லை. கண் செருகும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. கடைசியாகக் கேட்ட ஒன்றைக்கூடச் செய்யாமல் அவள் பொய் சொல்லியிருந்தாள்.

ஒருவழியாகச் சாக்ஸ் ஏறியது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினாள். பாசத்துக்குக் குறைச்சல் இல்லாதவள், வாய்க்குத்தான் பூட்டுக் கிடையாது.

"உனக்கும் அதே மாதிரி இருக்கில்ல? கவலைப்படாதே. அவனோட அதிர்ஷ்டமெல்லாம் இனி உனக்குத்தான் வரும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மரணத்தை உறுதிசெய்ய வந்த டாக்டரம்மா அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

"டாக்டர், இது குடும்பத்துல இன்னொருத்தருக்கும் வருமா?"

"எல்லாருக்கும் வராது. ஏன் கேக்குறீங்க?"

ஸ்டூலில் உட்கார்ந்து வலது சாக்ஸைச் சுருட்டிக் கழற்றினாள். துணியில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கை நின்றது. விளக்கைப் போட்டுவிட்டுக் கீழே குந்தி, குதிகாலைப் பிடித்துப் பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"பெடல் மிதிச்சு மிதிச்சு..."

"அதைக் கேக்கலம்மா."

"அண்ணன் கடைசியா லோடு எடுத்துட்டுப் போனப்பலேர்ந்து."

டாக்டரம்மா ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. பயம் அதனால் கூடத்தான் செய்தது.

"அதுதானா டாக்டர்?"

"கண்ணால பாத்து யாரும் சொல்ல முடியாது. வெட்டிச் சோதிக்கணும். அண்ணனை அனுப்பி வச்சதும் நேரா என் கூட வாங்க. இன்னிக்கே."

"நாளைக்கு வரட்டுமா?"

"இன்னிக்கே."

இதே டாக்டரிடம் அண்ணன் சிரித்தது அவள் காதில் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலையை ஆட்டினாள்.

கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம். அத்தையின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "எல்லாரும் வந்தாச்சு. மச்சக்காரி எங்கே? அவளைக் கூப்பிடுங்க."

அந்தப் பெயரால் இதுவரை அவளை யாரும் அழைத்ததில்லை. டாக்டரம்மா குதிகாலை இன்னும் விடவில்லை. கழற்றிய சாக்ஸ் அவள் கைக்குள் சூடாக இருந்தது.