வண்டிக்காரர் மச்சினன்

பழைய வண்டி வாங்க வருகிறவன் டயரை ஒரு உதை உதைப்பான், கதவை நாலு தரம் அறைந்து சாத்துவான், ஆயில் ஒழுகுகிறதா என்று குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பான். மச்சினன் இதில் ஒன்றையும் செய்யவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்து, "நீங்க வச்சிருந்த வண்டி மாமா, இதுல பாக்க என்ன இருக்கு," என்றான். கேட்ட விலைக்கும் அப்படியே தலையாட்டினான். பேரம் பேசியிருந்தாலாவது அவனை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். வண்டியை விற்கிற வெல்டருக்கு வயிற்றுக்குள் யாரோ வெல்டிங் ராடைப் பற்றவைத்தது போல இருந்தது.

அந்த வண்டியை அவர் வாங்கியதே ஒரு வார்த்தையை நம்பித்தான். "அடுத்த வருஷம் உன்னை சூப்பர்வைசர் ஆக்கறேன்" என்று பட்டறை மேனேஜர் தோளில் தட்டிச் சொன்னார். சூப்பர்வைசர் என்று அடையாள அட்டையில் ஏறிவிட்டால் குடும்ப விசா கிடைக்கும், வெல்டருக்குக் கிடையாது. பெண்டாட்டி வந்து இறங்குகிற நேரத்தில் டாக்ஸிக்குக் கை காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்று, ஏற்கெனவே இரண்டு கை மாறிய வண்டியை வாங்கிப் போட்டார். அடுத்த வருஷம் அடுத்த வருஷமாகவே இருந்தது. பெண்டாட்டிக்கு என்று வாங்கியதில் அறைக்கூட்டாளி எலக்ட்ரீஷியன்தான் ஏறி, வழியெல்லாம் நகம் கடித்துத் துப்பிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பட்டறையில் பேர் கரண்டு.

ஆனாலும் வண்டி அவருக்கு ஒரு பேரைக் கொடுத்தது. பட்டறையில் வெல்டர்கள் எத்தனையோ பேர், வண்டிக்காரர் ஒருத்தர்தான். வாட்ச்மேனிலிருந்து கேன்டீன்காரர் வரை "வண்டிக்காரரே" என்றுதான் கூப்பிட்டார்கள். யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் நடுவில் நசுங்குவது, எங்கே நிறுத்தி டீ குடிப்பது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். மச்சினனை இந்த ஊருக்குக் கூட்டிவந்து, முகமூடி பிடிக்கவும் கை நடுங்காமல் ராடை நகர்த்தவும் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அப்போது அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டிக்காரர் மச்சினன், அவ்வளவுதான்.

இந்த வருஷம் கம்பெனி வெல்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வயசாயிடுச்சு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். மச்சினனுக்குப் புதுப்பித்து, சூப்பர்வைசர் அட்டையையும் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அவன் டிப்ளமா படித்தவன். கம்ப்யூட்டரில் தட்டத் தெரிந்தவன். வாடகைக்கு ஒரு வீடும் பிடித்துவிட்டான், பெண்டாட்டிக்கு விசாவும் வந்துவிட்டது. வெல்டர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் வண்டியை யார் பேருக்காவது மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் விமானம் ஏற விடமாட்டார்கள்.

போதாததற்குப் பெண்டாட்டி வேறு போனில் ஆரம்பித்தாள்.

"தம்பி காரு வாங்கறானாமே!"

"எந்தக் காரு? நம்ம காருதான்டி."

"அது தெரியும். இருந்தாலும் அவன் வாங்கறான்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல வீடு, காரு, பொண்டாட்டிக்கு விசா. கெட்டிக்காரன்."

"நான் வாங்கினப்ப என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"ஓட்டை வண்டி எதுக்கு, யாரு ஏறப் போறான்னு."

"யாரு ஏறினா?" என்றாள். கேலி பண்ணியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் நிஜமாகவே கேட்டாள்.

பேர் மாற்றிக் கொடுத்த அன்று மச்சினனை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இடது பின்கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும். ஹாரனை ஓரத்தில் அமுக்கினால்தான் அடிக்கும். மூன்றாவது கியருக்குப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டால் பன்றி போல உறுமும். மச்சினன் ஊம் கொட்டிக்கொண்டே வந்தான். "ஏர்போர்ட்டுக்கு இதுலதான் போகணும் மாமா. அவ வந்து எறங்கினதும் நேரா முன்னாடி ஏத்தி, ஊரை ஒரு ரவுண்டு," என்றான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக் கொண்டான். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டு, "இது என்ன சுவிட்ச்?" என்று கேட்டான்.

அது வெல்டரே ஒயர் இழுத்து வைத்த சுவிட்ச். இன்ஜினைக் குளிரவைக்கும் ஃபேன் தானாகச் சுற்றுவதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. சூடு காட்டுகிற முள்ளும் செத்துப்போய் எப்போதும் நடுவிலேயே நிற்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை கவலையில்லை. நெரிசலில் நின்றால் அந்தச் சுவிட்சைத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் கொதித்துவிடும். சிக்னலைக் கண்டால் அவர் கை தானாகக் கீழே போகும்.

"அதா? பழைய லைட்டு சுவிட்சு. வேலை செய்யாது," என்றார் வெல்டர்.

சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். ஒரு தரம் நடுரோட்டில் நிற்கட்டும் இவன். கழுத்து அட்டையோடு, புதுப் பெண்டாட்டியோடு நிற்கட்டும். அப்போது போன் வரும். 'மாமா, என்ன பண்றதுன்னே தெரியல மாமா.' அந்தக் குரலை அவர் அங்கேயே உட்கார்ந்து காதாரக் கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் பட்டறை வாசலில் வாட்ச்மேன் கை தூக்கி, "வாங்க வண்டிக்காரரே!" என்றான். வெல்டர் பின்சீட்டிலிருந்து தலையாட்டினார். வாட்ச்மேன் பார்த்தது மச்சினனை.

"என்ன பெருசு," என்று காதோரம் குனிந்தான் கரண்டு, "பட்டத்தையும் சேத்து வித்துட்டியா?"

"வாயை மூடிட்டு நகத்தைக் கடி."

விடியற்காலைச் சாலையில் நெரிசல் கிடையாது. வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவரிடம் உறுமிய மூன்றாவது கியர்கூட அவன் கைக்கு வெண்ணெயாக விழுந்தது. துரோகி வண்டி, என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் பெண்டாட்டியிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் எப்போது கேட்டாரோ.

"நானும் வரேங்க! தம்பி எனக்கும் விசா எடுத்துட்டான். அவன் பொண்டாட்டி தனியா பிளேன் ஏற பயப்படறா, கூட வாக்கான்னான். ஒரு மாசம் இருந்துட்டு உங்களோடயே திரும்பிடலாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே அவன்."

"கேட்டா வேணாம்னா சொல்லுவீங்க?"

"இல்ல..."

"அப்புறம் என்ன? காருல ஊரெல்லாம் காட்டறேன்னிருக்கான்."

வெல்டர் கட்டிலில் உட்கார்ந்தார். எத்தனை வருஷமாக அவர் மேனேஜர் அறை வாசலில் நின்று கேட்டது! இவன் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டி வாங்கிவிட்டான். வரப்போகிறாள் என்ற சந்தோஷம் வரும் என்று பார்த்தார். வந்தது, ஆனால் வாடகைக்குக் குடிவந்தவன் மாதிரி ஓரமாக வந்து நின்றது. நடு வீட்டில் வயிற்றெரிச்சல் கால் நீட்டிப் படுத்திருந்தது. சுவிட்சைப் பற்றி இப்போதாவது சொல்லிவிடலாம். சொன்னால், அன்றைக்கு ஏன் பொய் சொன்னீர்கள் என்பான். கேட்காவிட்டாலும் பார்ப்பான். போகட்டும், அவளும்தான் பார்க்கட்டுமே தம்பியின் கெட்டிக்காரத்தனத்தை.

அவர்கள் வருகிற அன்று வெல்டர் லீவு கேட்டார். போகப்போகிறவனுக்கு லீவு எதற்கு என்று மேனேஜர் சிரித்தார். சூப்பர்வைசர்தான் போகிறாரே, போதாதா என்றார்.

மத்தியானம் அவர் ஒரு பெரிய தொட்டிக்குள் மண்டியிட்டுத் தகட்டு இணைப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே காற்று கிடையாது. இரும்பு வெந்த வாடை நாக்கில் ஒட்டியது. முகமூடிக்குள் வியர்வை புருவத்தில் தேங்கிக் கண்ணில் இறங்கியது. இந்நேரம் இறங்கியிருப்பார்கள். இந்நேரம் பாலத்தடியில் நிற்கும் வண்டி வரிசையில் மாட்டியிருப்பார்கள். புகை வரும். அவன் இறங்கிப் பானட்டைத் தூக்குவான். தூக்கினதும் என்ன செய்வான்? ரேடியேட்டர் மூடியைத் திருகுவான். தெரியாத எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். லாரிக்காரன் ஒருத்தனுக்குக் கொதிநீர் பீச்சியடித்து முகத்தோல் ஈரத்துணி மாதிரி கழன்று வந்ததை வெல்டர் பக்கத்தில் நின்று பார்த்தவர். தம்பிக்கு ஒன்று என்றால் அவள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள். இறங்கி அவன் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்ப்பாள்.

ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, தொட்டி வாயில் முழங்கையை உரசிக்கொண்டு வெளியே வந்தார். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துப் போனை எடுத்தார்.

"மாப்ள, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கோம் மாமா. பயங்கர டிராபிக். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அக்காகிட்ட பேசறீங்களா?"

"முதல்ல நான் சொல்றதைக் கேளு. ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சுவிட்சு, அதைத் தட்டு. உடனே தட்டு. புகை வந்தா மூடியில கை வைக்காத, காது கேக்குதா?"

அந்தப் பக்கம் ஏதோ ஹாரன்கள் அடித்தன.

"அந்த ஃபேனு சுவிட்சா மாமா? அதை அப்பவே கழட்டியாச்சு. மெக்கானிக் பாத்துட்டு, ஒரு சின்ன சென்சார்தாங்க போயிருக்குன்னு மாத்திக் குடுத்தான். இப்ப முள்ளும் வேலை செய்யுது, ஃபேனும் தானா ஓடுது."

வெல்டரின் மறு கையில் கையுறை தொங்கியது.

"என்னடா சுவிட்சு?" என்று பெண்டாட்டியின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லக்கா. மாமா சொல்ல மறந்துட்டாரு. வண்டி மேல பாசம் அவருக்கு."

மறந்துட்டாரு. அவன் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினார். ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாவது கிடைத்திருக்கும். தெரிந்துகொண்டே இத்தனை நாள் அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. இதிலும் அவனே ஜெயித்துவிட்டான்.

வேலை முடிந்து அவர் வெளியே வரும்போது வண்டி வாசலில் நின்றது, கழுவிப் பளபளவென்று. முன்சீட்டில் பெண்டாட்டி. கார் என்றால் அவளுக்கு வாந்தி வரும் என்று முன்னால் உட்காரவைத்திருந்தான். போன தடவை பார்த்ததைவிடத் தலையில் நரை கூடியிருந்தது. கண்ணாடியை இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கரி படிந்த சட்டை, பொறி பட்டுத் தழும்பு தழும்பான முன்கை.

"இப்படித்தான் தினமும் இருப்பீங்களா?" என்றாள்.

"இல்ல, இன்னிக்கு உனக்காக அலங்காரம்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சினன், "ஏறுங்க மாமா, பின்னாடி வண்டி நிக்குது," என்றான்.

பின்சீட்டில் மச்சினன் பெண்டாட்டி ஓரமாக ஒடுங்கி, "வாங்கண்ணா" என்றாள். நடுவில் ஒரு பெட்டி நிமிர்ந்து நின்றது. வெல்டர் கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தன் சட்டைக் கரி புதுச் சீட்டுறையில் படக் கூடாது என்று முதுகைச் சாய்க்காமல் இருந்தார். வண்டி நகர்ந்தது. அக்காவும் தம்பியும் வீட்டுக் கதை பேசினார்கள்.

பேச்சுக்கு நடுவே அவள் எதிரே இருந்த ஏசி காற்று வரும் வாயின் சின்னத் தகடுகளை விரலால் நோண்ட ஆரம்பித்தாள். முதலில் தன் முகத்துக்குத் திருப்பினாள். "உனக்கு வேர்க்குது பாரு" என்று தம்பி பக்கம் தள்ளினாள். அப்புறம் பேச்சை நிறுத்தி, சாலையைப் பார்த்தபடியே, கையை எடுக்காமல் அதை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு வந்தாள். கூரையில் பட்டு, பெட்டியின் மேல் வழிந்து, குளிர்ந்த காற்று ஒரு கணம் வெல்டரின் நெற்றிக்கு வந்தது. போய்விட்டது. அவர் கழுத்தை அசைக்காமல், அதே இடத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.